ரெமோந்த் காத்திருந்த ஆண்டுகள்

சிசாக் நகரத்தில் ரெமோந்த் என்று ஒரு ராக் குழு இருந்தது. நாற்பதைத் தாண்டியவர்களிடம் பெயரைச் சொன்னால் போதும், முதல் இசைத்தட்டிலிருந்து இரண்டு வரி பாடிக் காட்டுவார்கள். இளையவர்களுக்குத் தெரியாது. அவர்களைக் குறை சொல்ல முடியாது. பத்து ஆண்டுகள் இருந்த குழு அது, அதில் பெரும்பகுதியைக் காத்திருப்பதிலேயே கழித்தது.

உள்ளூர் வாரப் பத்திரிகையில் அவர்களைப் பற்றி முதல் செய்தி எழுதியவன் நான். 2008 மார்ச்சில் ஒருநாள் பிசெர்கா மருந்துக்கடையிலிருந்து என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். அந்தக் குழுவில் கீபோர்டு வாசித்தவள். இப்போது மருந்துக்கடையில் வேலை.

"பத்திரிகைக்காரா, உன் கார் பான்செவோ வரைக்கும் போகுமா?"

"போகும். திரும்பி வருமான்னு சொல்ல முடியாது. எதுக்கு?"

"ஸ்வேதோவைப் பார்க்கணும்."

அந்தப் பெயரை அவள் வாயிலிருந்து கேட்டுப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. ஸ்வேதோ அவர்களுடைய டிரம்மர். இப்போது எல்லைக்கு அப்பால், செர்பியாவின் பான்செவோவில் இருக்கிறான்.

விஷயம் இதுதான். ஜாக்ரெபில் ஒரு சிறு பதிப்பாளர், மறந்துபோன குழுக்களைத் தேடிப் பிடித்து இசைத்தட்டு போடுகிறவர், ஜூன் மாதம் சிசாக் திரையரங்கில் ரெமோந்தின் ஒரு கச்சேரியைப் பதிவு செய்யத் தயாராக இருந்தார். பழைய பாட்டுகள் நான்கு போதும், மீதி இதுவரை வெளிவராததாக இருக்க வேண்டும் என்றார். வெளிவராத பாட்டுகள் எட்டு இருந்தன. எட்டும் பிசெர்கா எழுதியவை. 1991 வசந்தத்தில் பதிவாகியிருக்க வேண்டியவை.

அவளுக்கு அவசரம் இருந்தது. விரல் மூட்டுகள் வீங்கத் தொடங்கி இரண்டு ஆண்டுகளாகின்றன. காலையில் வெந்நீரில் கையை வைத்த பிறகுதான் விரல்கள் விரியும். மாத்திரைப் பட்டைகளைக் கத்தரிக்கோலின் பின்புறத்தால் அழுத்தித் திறப்பாள். "இந்தக் கோடையைப் பத்தி பயமில்ல, அடுத்த கோடையைப் பத்தி அடுத்த கோடையில பேசுவோம்" என்றாராம் டாக்டர். ஆகவே இந்தக் கோடைதான். தடையாக இருந்தது ஒரு விதி. அதைப் புரிந்துகொள்ள 1981க்குப் போக வேண்டும்.

நால்வரும் இரும்பாலைக் குடியிருப்பில் வளர்ந்தவர்கள். பாடகன் டிஹோமிர், எல்லாருக்கும் டிஹோ. கிட்டார் வாசித்தவன் ராசிம். டிரம்ஸ் ஸ்வேதோ. பிறகு பிசெர்கா. உலையை மூடிப் பழுதுபார்க்கும்போது தொங்கவிடும் பலகையில் 'ரெமோந்த்' என்று எழுதியிருக்கும். அப்படியொரு பலகையை ராசிம் ஆலையிலிருந்து தூக்கி வந்து டிரம்மின் முன்னால் கட்டினான். குழுவுக்குப் பெயர் கிடைத்தது. தொழிலாளர் மன்றக் கூடத்தில் பயிற்சி செய்ய இடம் கொடுத்தார்கள். பதிலுக்கு மே தினத்திலும் மகளிர் தினத்திலும் வாசிக்க வேண்டும்.

அப்போது எங்கள் நாட்டில் எதையும் கூட்டம் போட்டுக் கை தூக்கித்தான் முடிவு செய்வார்கள். எந்தப் பிரிவுக்கு முதலில் வீடு ஒதுக்குவது, ஆலைச் சாப்பாட்டில் பீன்ஸா உருளைக்கிழங்கா, எல்லாவற்றுக்கும் கை தூக்கல். அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் குழுவையும் அப்படியே நடத்தினார்கள். என்ன பாட்டு, எந்த ஊர், வேனில் யார் முன்னால் உட்காருவது என்று வாக்கெடுத்தார்கள். ஆலையில் பெரும்பான்மை போதும். இவர்களுக்கு நான்கு கையும் வேண்டும். ஒரு முடிவை மாற்றுவதற்கும் நான்கு கை வேண்டும்.

1982இல் டிஹோவுக்குப் பட்டாளத்து அழைப்பு வந்தது. பதினைந்து மாதம். வழியனுப்பு விருந்துக்கு அவர்கள் வீட்டு முற்றத்தில் கூடாரம் போட்டிருந்தார்கள். ஒரு முழுப் பன்றி கம்பியில் சுழன்றுகொண்டிருந்தது. அக்கார்டியன்காரர் மூன்றாவது முறையாக டிஹோவின் அம்மாவை அழ வைத்துக்கொண்டிருந்தார். ராசிம் ஒரு பெஞ்சின் மேல் ஏறினான்.

"கேளுங்க எல்லாரும்! டிஹோ திரும்பி வர்ற வரைக்கும் அவன் மைக் முன்னாடி வேற எவனும் நிக்கக் கூடாது. நாளைக்கு நான் போனாலும் இதேதான், ஸ்வேதோ போனாலும் இதேதான். ஒத்துக்கறவங்க கையைத் தூக்குங்க!"

"நான் போனா?" என்றாள் பிசெர்கா.

"உன்னைப் பட்டாளத்துல சேர்த்தா எதிரி சிரிச்சே செத்துருவான், தாயே. கையைத் தூக்கு."

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டே கை தூக்கினாள். அவளுக்கு இருபது வயது. அந்த விதியால் நால்வரில் அவளுக்கு மட்டும் ஒரு பயனும் இல்லை என்பதை அன்று ஒருவரும் கவனிக்கவில்லை, அவள் உட்பட.

மூன்று ஆண்களும் ஒரே தவணையில் போய்விட்டு வந்திருக்கலாம். விண்ணப்பம் போட்டு அப்படிப் போன குழுக்கள் உண்டு. இவர்கள் அதையும் வாக்குக்கு விட்டார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் போனால் மன்றக் கூடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள், யாராவது இங்கே இருந்துகொண்டே இருக்க வேண்டும் என்று முடிவாயிற்று. ஆகவே ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். கூடம் கையைவிட்டுப் போகவில்லை. வருடங்கள்தான் போயின.

டிஹோ திரும்பி வந்து ஒரு சிறிய தட்டு பதிவு செய்தார்கள். அது வானொலியில் ஓடத் தொடங்கிய மாதத்தில் ராசிம் மாசிடோனிய எல்லைக்குப் போனான். ஜாக்ரெபில் ஒரு பெரிய விழாவுக்கு அழைப்பு வந்தது, மறுத்தார்கள். அவர்களுக்குப் பதிலாக வாசித்த குழு பிறகு நாடு முழுக்கப் பெயர் வாங்கியது. ராசிம் திரும்பிய பிறகு, 1986இல், லியூப்லியானாவில் பெரிய தட்டு. எல்லாம் டிஹோவின் பாட்டுகள். பிறகு குத்தினா, பிஹாச், ஒசியெக் என்று மன்றங்களிலும் பள்ளி விளையாட்டுக் கூடங்களிலும் வாசித்தார்கள். கரையும் பனிச் சேற்றில் வேனைத் தள்ளினார்கள். கூட்டம் இருந்த ஊரில் மின்சாரம் போனது, மின்சாரம் இருந்த ஊரில் கூட்டம் வரவில்லை.

ஆட்கள் பட்டாளத்தில் இருந்த மாதங்களில் கூடத்துச் சாவி பிசெர்காவிடம் இருந்தது. வியாழக்கிழமைகளில் போய்த் திறப்பாள். தனியாக வாசிப்பாள். அங்கேதான் அந்த எட்டுப் பாட்டுகளும் வந்தன. 'குறுக்குக் காற்று' என்ற பாட்டை நான் அங்கேதான் முதலில் கேட்டேன். எதிரெதிர் ஜன்னல்கள் இரண்டும் திறந்திருக்கும் வீட்டில், காற்றுப் பட்டு யாருக்காவது கழுத்து பிடித்துக்கொள்ளும் என்று ஓடி ஓடி மூடும் ஒரு பெண்ணைப் பற்றியது. டிஹோவின் பாட்டுகளை விட நல்ல பாட்டு. அது டிஹோவுக்கும் தெரியும். இரண்டாவது தட்டு முழுக்க அவளுடையது என்று நான்கு கைகளும் ஏறின.

ஸ்வேதோ ஒவ்வொரு ஆண்டும் கல்லூரியில் பெயரைப் புதுப்பித்துப் பட்டாளத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தான். இருபத்தேழு வயதுக்கு மேல் தள்ள முடியாது. 1990 செப்டம்பரில் போனான். அடுத்த வசந்தத்தில் இசைத்தட்டு நிறுவனம் ஸ்டுடியோவைப் பிடித்துவிட்டது. இரண்டு வாரத்துக்கு வேறு டிரம்மரைத் தருகிறோம், ஆளும் தயார் என்றார்கள். மூன்று பேர் உட்கார்ந்து வாக்கெடுத்தார்கள். முடியாது என்று சொல்லிவிட்டார்கள். பட்டாளத் தவணை அதற்குள் பன்னிரண்டு மாதமாகக் குறைந்திருந்தது; செப்டம்பரில் ஸ்வேதோ வந்துவிடுவான், இலையுதிர்காலத்தில் பதிவு செய்யலாம் என்று நினைத்தார்கள்.

நாடு உடைந்து போர் மூண்ட அந்த இலையுதிர்காலத்தைப் பற்றி எங்கள் ஊரில் யாரும் அதிகம் பேசுவதில்லை. டிஹோவும் ஸ்வேதோவும் வெவ்வேறு சீருடையில் இருந்தார்கள். ஸ்வேதோவின் பெற்றோர் ஒரு காலையில் வீட்டைப் பூட்டிக்கொண்டு போனார்கள். ராசிம் ஆஸ்திரியாவுக்குப் போய் கிராஸ் நகரத்தில் பேருந்து ஓட்டுகிறான். டிஹோ சிசாக்கில் டயர் கடை வைத்திருக்கிறான்.

பான்செவோவுக்குக் கிளம்புவதற்கு முந்தைய வாரம் பிசெர்காவுடன் அந்தக் கடைக்குப் போனேன். குளிர்கால டயரை மாற்றும் பருவம், வாசலில் கார்கள் வரிசையாக நின்றன. டிஹோ நிமிர்ந்து பார்க்காமலே பேசினான்.

"நாலு கை, பிசெர்கா."

"உன்னோடது சேர்த்தா மூணு இருக்கு. ராசிம்கிட்ட கேட்டாச்சு. எனக்கு எதுவானாலும் சரி, டிஹோ சொல்லட்டும்னான்."

"ராசிம் எப்பவும் அப்படித்தான். பெஞ்சு மேல ஏறிப் பேசுவான், அப்புறம் இறங்கி ஓடிருவான்."

"டிஹோ, ஒரு டிரம்மர். ஒரே ஒரு கச்சேரிக்கு."

"எனக்காக நீங்க பதினஞ்சு மாசம் காத்திருந்தீங்க. நான் ஸ்வேதோவுக்காகக் காத்திருக்க மாட்டேனா?"

"பதினேழு வருஷம் ஆச்சுடா! எந்தப் பட்டாளம்டா ஒருத்தனைப் பதினேழு வருஷம் வெச்சிருக்கும்? அந்தப் பட்டாளமே இல்ல. அந்த நாடே இல்ல."

"நாடு இல்லைன்னா நாம கை தூக்கினதும் இல்லைன்னு ஆயிருமா?"

பிசெர்கா ஒரு டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்தாள். கையுறையைக் கழற்றவில்லை. வரிசையில் முதலில் நின்ற காரின் சொந்தக்காரர், "அண்ணே, நாடு கிடக்கட்டும், என் சக்கரம்?" என்றார்.

"ரெண்டு நிமிஷம்," என்றான் டிஹோ. பிறகு அவளிடம், "அவன் வந்து வாசிக்கட்டும். இல்லன்னா, வேற ஆளை வெச்சுக்குங்கன்னு அவனே கையைத் தூக்கட்டும். ஃபோன்ல சொல்றதெல்லாம் வேணாம்."

"ஃபோன்ல எங்க சொல்றான். நாலு தடவை பண்ணிட்டேன். அவன் பொண்டாட்டிதான் எடுக்குறா. வெளியில போயிருக்கார்ங்கிறா. நேர்லதான் போகப்போறேன்."

"அப்ப போ. பத்திரிகைக்காரனைச் சாட்சிக்குக் கூட்டிக்கோ."

"நீயும் வாயேன்."

டிஹோ சக்கரத்தைத் தரையில் உருட்டிச் சரிபார்த்தான். ஏற்கெனவே சரிபார்த்த சக்கரம் அது.

"கடையை யார் பார்த்துக்கறது," என்றான்.

சனிக்கிழமை காலையில் கிளம்பினோம். பிசெர்கா மடியில் ஒரு பை. கால் கிலோ காபிப் பொடி, ஒரு பெட்டி சாக்லேட். யார் வீட்டுக்குப் போனாலும் எடுத்துப் போவதுதான். எல்லையில் செர்பியக் காவலர் கடவுச்சீட்டுகளைப் புரட்டிவிட்டு எங்கே போகிறீர்கள் என்று கேட்டார்.

"ஒரு டிரம்மரைப் பார்க்க," என்றாள் பிசெர்கா.

"ஏன், உங்க பக்கம் எல்லாம் தீர்ந்துபோச்சா?" என்று கேட்டு முத்திரை குத்தினார்.

அதற்குப் பிறகு வழியெல்லாம் சமவெளி. அவள் அதிகம் பேசவில்லை. சூடான காற்று வரும் துளையின் முன்னால் விரல்களைப் பிடித்துக்கொண்டு வந்தாள். ஒருமுறை மட்டும், "அவன் சரின்னுட்டா என்ன பண்றது?" என்று கேட்டாள்.

"சரின்னா, வாசிப்பான்."

"அதான் கேட்கிறேன்," என்றாள். எனக்கு அப்போது புரியவில்லை.

நான்காவது மாடி. மின்தூக்கி ஓடவில்லை. கதவைத் திறந்தது ஸ்வேதோவின் மனைவி மிலுங்கா. பிசெர்காவை ஒரு கணம் பார்த்தாள். யாரென்று சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"உள்ள வாங்க, உள்ள வாங்க. வீட்டுச் செருப்பு இதோ, மாட்டிக்குங்க. சிசாக்குலேர்ந்து ஃபோன் வந்தா இவர் பால்கனிக்குப் போயிருவார். 'வெளியில போயிருக்கார்'னு நான் சொன்னது பொய்யில்ல பாருங்க, பால்கனியும் வெளியிலதானே."

ஸ்வேதோ சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தான். தலை முழுக்க வழுக்கை, கண்ணாடி கழுத்தில் தொங்கியது. சலவை இயந்திரம் பழுதுபார்ப்பது தொழில். பிசெர்காவைக் கட்டிப்பிடித்துக் கன்னத்தில் முத்தமிட்டான். எங்கள் பக்கத்தில் இரண்டு, அங்கே மூன்று. அவள் இரண்டோடு விலகிவிட்டாள், அவன் மூன்றாவதைக் காற்றில் கொடுத்தான்.

"பார்த்தியா, இங்க வந்து கெட்டுப்போயிட்டேன்," என்றான்.

"முடியும் போச்சு."

"அது சிசாக்லயே போக ஆரம்பிச்சுது. தொப்பி போட்டு மறைச்சேன். நீங்க யாரும் கவனிக்கல."

மிலுங்கா எங்களை உட்கார வைத்து, பால்கனிக் கதவு திறந்திருப்பதைப் பார்த்து, "கழுத்துப் பிடிச்சுக்கும்" என்று சாத்தினாள். புகையிட்ட விலா எலும்பு போட்ட பீன்ஸ் சூப், ஊறுகாய் மிளகாய், ரொட்டி எல்லாம் வந்தன. டிஹோவின் டயர் கடை, ராசிமின் பேருந்து, யார் யார் செத்தார்கள், யாருக்குப் பேரன் பிறந்தான் என்று சாப்பாடு முடியும்வரை பேச்சு ஓடியது. வந்த காரியத்தைச் சாப்பிடும்போது யாரும் கேட்கமாட்டார்கள். காபி வந்த பிறகுதான் பிசெர்கா சொன்னாள். திரையரங்கு, ஜூன் மாதம், எட்டுப் பாட்டுகள், டிஹோ சொன்னது.

ஸ்வேதோ காபிக் கோப்பையைத் தட்டில் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தான்.

"டிஹோ இன்னும் அதையே பிடிச்சிட்டிருக்கானா?"

"பிடிச்சிட்டிருக்கான். நீ வர்றியா?"

"நான் கடைசியா டிரம்ஸ் முன்னாடி உட்கார்ந்தது எப்ப தெரியுமா? 90ல. பட்டாளத்துக்குப் போறதுக்கு முந்தின வாரம்."

"அப்புறம் ஒரு தடவை கூட இல்லையா?"

"குச்சியைத் தொடல."

"அப்ப கையைத் தூக்கு. வேற ஆளைப் போட்டுக்கறோம்."

அவன் தலையை ஆட்டினான். சம்மதமா மறுப்பா என்று சொல்ல முடியாத ஆட்டல்.

"ஒண்ணு சொல்றேன் கேளு. 91 மார்ச்சுல டிஹோ பட்டாளத்து வாசலுக்கு ஃபோன் பண்ணினான். ஒருத்தன் ஓடிவந்து கூப்பிட்டான், வீட்டுல யாரோ செத்துட்டாங்கன்னு நினைச்சு ஓடினேன். டிஹோ ஃபோன்ல கத்துறான். 'வேற டிரம்மர் தர்றோம்னாங்க, விரட்டிட்டோம்டா! நீ நிம்மதியா இரு, நாங்க காத்திருக்கோம்!' சந்தோஷம்னா அப்படி ஒரு சந்தோஷம் அவனுக்கு. நானும் 'சபாஷ்டா'ன்னேன். பக்கத்துல வாசல் காவல்காரன் நிக்கிறான், வேற என்னத்தைச் சொல்ல?"

"நாங்க உனக்காகத்தானே..."

"எனக்காகத்தான். அதான். ஃபோனை வெச்சிட்டுப் போய்ப் படுத்தேன், தூக்கம் வரல. யாரையாவது போட்டுக்குங்கடா முட்டாள்களான்னு சொல்லணும்னு இருந்துச்சு. ஆனா எல்லாரும் உனக்காகக் கையைத் தூக்கியிருக்கும்போது அதை எப்படிச் சொல்றது? நாளைக்குச் சொல்லலாம், அடுத்த வாரம் சொல்லலாம்னு இருந்தேன். ஜூன் வந்துருச்சு, போரும் வந்துருச்சு. அப்புறம் ஃபோனே இல்ல."

மிலுங்கா எழுந்து பாத்திரங்களை எடுத்தாள். கழுவவில்லை. தொட்டியின் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

"போர் எவ்வளவோ கெடுத்துச்சு," என்றான் ஸ்வேதோ. "ஆனா அந்தத் தட்டைப் போர் கெடுக்கல. மார்ச்சுல பதிவு பண்ணியிருந்தா மே மாசம் கடைக்கு வந்திருக்கும். அது என்னாலதான் வரல."

"யாரும் அப்படிச் சொன்னதில்லையே, ஸ்வேதோ."

"யாரும் சொல்ல வேண்டியதில்ல. சரி, இன்னொண்ணு. நான் ஒண்ணும் பெரிய டிரம்மர் இல்ல. உனக்குத் தெரியுமா அது?"

பிசெர்கா மேசைமேல் கிடந்த ரொட்டித் துணுக்குகளைக் கூட்டிக் குவித்தாள்.

"தெரியுமா, தெரியாதா?"

"பாட்டோட ரெண்டாவது பாதியில வேகம் குறைஞ்சு தொய்ஞ்சு போயிருவே," என்றாள். "எல்லாப் பாட்டுலயும். லியூப்லியானாவுல அந்த ஒலிப்பதிவுக்காரர் என்னைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டுச் சொன்னாரு. இந்த ஆளை மாத்துங்கன்னு."

"நீ டிஹோகிட்ட சொல்லலயா?"

"சொல்லல."

"தெரிஞ்சுமா 91ல கையைத் தூக்கினே?"

"தெரிஞ்சுதான்."

ஸ்வேதோ சிரித்தான். சத்தமில்லாத சிரிப்பு. தோள்கள் மட்டும் குலுங்கின.

"அடப் பாவி. நானே என்னை மாத்தியிருப்பேனே."

"இப்ப மாத்து. கையைத் தூக்கு, நாங்க கிளம்பறோம்."

"மாட்டேன், பிசெர்கா."

"ஏன்டா?"

"என்னாலதான் அந்தத் தட்டு வரலன்னு இத்தனை வருஷம் சுமந்தாச்சு. இப்ப என்னாலதான் வந்துச்சுன்னு ஆக வேணாம். வேணாம்னாலும் நான், வேணும்னாலும் நானா? எனக்கு அலுத்துப்போச்சு. டிஹோ சொன்னதுக்காக இவ்வளவு தூரம் என் கையைத் தேடி வந்திருக்கே. என் கையை வெச்சு நீ என்ன பண்ணப்போறே? அது உன் பாட்டு. உனக்கு எவன் வேணுமோ அவனைக் கூப்பிடு. என்னைக் கேட்காதே. தயவு செஞ்சு, யாரும் என்னை எதுவும் கேட்காதீங்க."

குரல் உயரவில்லை. சலவை இயந்திரத்தின் சொந்தக்காரரிடம் இது இனி தேறாது என்று சொல்லும் தொனிதான். பிசெர்காவின் முகம் சிவந்தது. சாக்லேட் பெட்டியைப் பார்த்தாள். மிலுங்கா அதைத் திறந்து எல்லாருக்கும் நீட்டினாள். ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டோம்.

வாசலில் செருப்பை மாற்றும்போது ஸ்வேதோ அவளுடைய விரல்களைக் கவனித்தான்.

"இது எப்பலேர்ந்து?"

"ரெண்டு வருஷமா."

"முதல்லயே சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா?"

அவன் யோசித்தான். "ஒண்ணும் மாறியிருக்காது," என்றான். "காலையில ஆலிவ் எண்ணெய் தேய்ச்சுக்கோ." இந்த முறை மூன்று முத்தத்துக்கும் அவள் நின்றாள்.

திரும்பும் வழியில், ஸ்ரெம்ஸ்கா மித்ரோவிட்சாவைத் தாண்டி ஒரு பெட்ரோல் நிலையத்தில் வண்டியை நிறுத்தினேன். நான் காபி வாங்கி வரும்போது அவள் காரின் மேல் சாய்ந்து தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தாள். பெத்ரின்யாவைச் சேர்ந்த க்ரேஷோவுடன் பேசினாள். எங்கள் வட்டாரத்தில் பாதிக் கல்யாணங்களுக்கு டிரம்ஸ் வாசிப்பவன்.

"சனிக்கிழமை சாயங்காலம்... கல்யாணமா? மாத்திக்கோ. சரி, ஞாயிற்றுக்கிழமை... தீயணைப்புக் கூடத்துல. சரி."

அதை வைத்துவிட்டு டிஹோவைக் கூப்பிட்டாள். அவன் குரல் எனக்கும் கேட்டது, அவன் தொலைபேசியில் கத்தித்தான் பேசுவான்.

"தூக்கினானா?"

"இல்ல."

"வர்றானா?"

"இல்ல."

"அப்ப முடிஞ்சுது."

"க்ரேஷோவைக் கூப்பிட்டிருக்கேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு."

"அதெப்படி? வாக்கெடுக்காம எப்படிக் கூப்பிடுவே?"

"கூப்பிட்டுட்டேன், டிஹோ."

"ஏய், அது நீயா முடிவு பண்ற விஷயமில்ல..."

"வர்றவங்க வரட்டும். வராட்டி நானே பாடிக்கறேன். கேட்க நல்லா இருக்காது, ஆனா பாடுவேன்."

அணைத்துவிட்டுக் காபியை வாங்கிக்கொண்டாள். காகிதக் கோப்பையை இரண்டு உள்ளங்கைகளாலும் பிடித்துக் குடித்தாள். கோபமா என்று கேட்டேன்.

"யார் மேல கோபப்படறது?" என்றாள். "எல்லாரும் நல்லதுதானே நினைச்சாங்க."

தொழிலாளர் மன்றக் கூடம் இப்போது நாற்காலி, மேசை விற்கும் கடை. ஆகவே ஊருக்கு வெளியே கிராமத் தன்னார்வத் தீயணைப்பாளர்களின் கூடத்தில் கூடினோம். சுவரில் கோப்பைகளும் பழைய தலைக்கவசங்களும். முந்தைய நாள் நடந்த பெயர்சூட்டு விருந்தின் வாசனை இன்னும் இருந்தது. ராசிம் கிராஸிலிருந்து ரயிலில் வந்திருந்தான். க்ரேஷோ மிட்டாய் மென்றுகொண்டே டிரம்ஸைப் பூட்டினான்.

"பாட்டெல்லாம் தெரியுமா?" என்று ராசிம் கேட்டான்.

"பழைய பயிற்சிக் கேசட் அனுப்பினாங்க. மூணு தடவை கேட்டேன். ரெண்டாவது பாதியில டிரம்மருக்குச் சாப்பிட்ட தூக்கம் வந்துருச்சு போல. அதைச் சரி பண்ணிட்டேன்."

ராசிம் பிசெர்காவைப் பார்த்தான். அவள் கீபோர்டின் கம்பியைச் செருகிக்கொண்டிருந்தாள்.

நாலரை மணிக்கு டிஹோ வந்தான். உள்ளே வராமல் கதவருகே நின்றான். யாரும் அவனை அழைக்கவில்லை. பிறகு ராசிம், "கதவைச் சாத்துடா, காத்து வருது," என்றான். டிஹோ சாத்தினான், உள் பக்கமாக நின்றுகொண்டு. சற்று நேரம் கழித்து மைக்கின் உயரத்தைச் சரிசெய்தான்.

'குறுக்குக் காற்று'தான் முதலில். நான் அதைப் பல முறை கேட்டிருக்கிறேன். மன்றக் கூடத்தில் அவள் தனியாக வாசித்தும், பிறகு நால்வரும் சேர்ந்து வாசித்தும். க்ரேஷோ எண்ணித் தொடங்கினான். முதல் பாதி எனக்குத் தெரிந்த பாட்டு. இரண்டாவது பாதி எனக்குத் தெரியாத பாட்டு. வேகம் குறையவில்லை. அந்தப் பெண் ஒரு ஜன்னலிலிருந்து மற்றதற்கு ஓடுகிறாள், மூடிய ஜன்னல் பின்னால் திறந்துகொள்கிறது, மறுபடி ஓடுகிறாள். இதைத்தான் அவள் எழுதியிருக்கிறாள் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. ராசிம் கிட்டாரைத் தாழ்த்திக்கொண்டு கண்ணை மூடியிருந்தான். டிஹோ ஒரு வரியைத் தவறவிட்டு அடுத்ததைப் பிடித்தான், அதற்கப்புறம் தவறவிடவில்லை.

கீபோர்டு மட்டும் பின்தங்கியது. முதலில் ஒரு சுரம் விட்டுப்போனது. பிறகு இரண்டு. வலது கையின் நடுவிரல் எழும்ப மறுத்தது. அவள் அதை மடக்கிவிட்டு மற்ற விரல்களால் தாண்டப் பார்த்தாள். க்ரேஷோ தவறில்லாமல், இரக்கமில்லாமல் போய்க்கொண்டிருந்தான். அவள் கையை எடுத்துவிட்டாள். மற்றவர்களும் ஒருவர் பின் ஒருவராக நின்றார்கள்.

பிசெர்கா இரண்டு கைகளையும் அக்குளுக்கடியில் செருகிக்கொண்டு நின்றாள். குளிருக்கு அல்ல, கூடம் சூடாகத்தான் இருந்தது.

"இந்த வேகத்துல தானே எழுதினேன்," என்றாள். யாரிடம் என்று தெரியவில்லை. "இந்த வேகம்தான்."

"பிரமாதமா இருக்கு," என்றான் ராசிம்.

"பிரமாதமாத்தான் இருக்கு. என்னாலதான் முடியல."

டிஹோ மைக்கை விட்டு விலகி அவள் பக்கம் ஓர் அடி வைத்தான். என்ன செய்வதென்று தெரியாமல் அங்கேயே நின்றான்.

க்ரேஷோ மிட்டாயை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினான். "குறைக்கணுமா, அக்கா? சொல்லுங்க, குறைச்சிரலாம். கல்யாணத்துல பெரிசுங்க ஆட வந்தா நாங்க அப்படித்தான் செய்வோம். யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியும்," என்றாள்.

"அப்ப வேணாமா?"

அவள் கைகளை வெளியே எடுத்து விரல்களை ஒவ்வொன்றாக நீட்டிப் பார்த்தாள். நடுவிரலைக் கடைசியில் பார்த்தாள். ஜூனுக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

"கொஞ்சம் குறைச்சுக்கோ," என்றாள். "ரெண்டாவது பாதியில மட்டும்."

க்ரேஷோ தோளைக் குலுக்கிவிட்டு எண்ணத் தொடங்கினான்.